வெறுங்கழுத்து

“நூத்துக்கு எத்தனை?” என்பதே அந்த அம்மையார் எவரிடமும் பேசும் முதற்சொல். பல வேளைகளில் இறுதிச் சொல்லும் அதுவே. அதனை அவர் வினாவாகக் கேட்டாரா, வசையாகக் கேட்டாரா என்பதை அத்தேயிலைத் தோட்டத்தில் எவரும் கடைசிவரை தெளிந்துகொள்ளவில்லை.

ஓர் இழவு வீட்டில் அவரை நான் முதன்முதலாகக் கவனித்தேன். இறந்தவருடைய தங்கை தூணைப் பிடித்துக்கொண்டு, நல்லவர்களைத்தான் கடவுள் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறார் என்று அழுதுகொண்டிருந்தார். கூடியிருந்தோர் ஆமென்று தலையசைத்தனர். வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த இவ்வம்மையார் மட்டும் நிமிர்ந்து, நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார். அவரே விரல் மடக்கினார். கடந்த மூன்று ஆண்டுகளில் லயங்கள் எனப்படும் இரண்டு வரிசை வீடுகளிலும் பன்னிரண்டு சாவு. அவற்றுள் நல்லவர் நால்வர், கெட்டவர் ஐவர், எஞ்சிய மூவர் இரண்டுங்கெட்டான்கள் என்று முடித்தார். இறந்துகிடந்தவர் எந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டார் என்று அறியும் ஆவலில் அழுகை சற்று நேரம் நின்றுவிட்டது.

தலவாக்கலையிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தது அத்தோட்டம். நான் அங்கே பாடசாலையில் தமிழாசிரியராகவும், கோவில் சபையின் செயலாளராகவும் இருந்தேன். இரண்டாவது பதவி, கையெழுத்து நன்றாயிருந்த குற்றத்துக்காக என்மீது சுமத்தப்பட்டது. அவர் மேல் லயத்தின் கடைசிக் காம்பரா என்னும் ஒற்றையறையில் தனியே வாழ்ந்தார். வயது ஐம்பதைக் கடந்திருக்கும். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் சுகமாக இருக்கிறார்கள் என்று கேட்டுத் துரத்திவிட்டதாகச் சொல்வார்கள்.

அவர் பல்லாண்டுகள் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட தேயிலைத் துண்டு நிலங்களில் எண்ணுவதற்காகவே சம்பளம் பெற்றவர். ஒவ்வொரு செடியிலும் நூறு இலையைப் பார்த்து, கொப்புள நோய் கண்டவை எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதுவதே வேலை. மழையிலும் மூடுபனியிலும், அட்டை கடித்து இரத்தம் வழியும் கால்களோடும் எண்ணினார். ஒருமுறை ஒரு செடி மட்டும் மற்றவற்றோடு ஒத்துவராத எண்ணைத் தந்ததாம். அதை விட்டுவிட்டு எழுதுமாறு மேலதிகாரி ஒருவர் கூற, இவர் மூன்று நாட்கள் குறிப்பேட்டை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. “கண்ணுல பட்டது கணக்குல ஏறணும். கணக்குக்காகச் செடி சாகாதுங்க” என்றாராம். இந்த ஒரு செய்தியை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அப்பழக்கம் ஓய்வுபெற்ற பின்னும் அவரை விடவில்லை. எண்ணுவதற்குத் தேயிலை இல்லாதபோது அவர் கோழிகளைப் பிடித்துக்கொண்டார்.

தோட்டத்தில் மாட்டுப் பொங்கலன்று பொங்கலிட மாடு கிடையாது. ஆகவே அன்று விடியலில், கவிழ்த்த கூடைகளைத் திறக்குமுன், அவர் வீடு வீடாகச் சென்று கோழிகளைப் பார்வையிடுவார். அதிகாலையில் தொழிலாளரை நிறுத்திப் பெயரழைத்து வேலை பிரிப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பர். இதற்குக் கோழிப் பெரட்டு என்று பெயர் வைத்தார்கள். அவர் எண்ணியது கோழிகளின் தலையை அன்று, கழுத்தை.

லயத்துக் கோழிகளில் மூன்று வகை இருந்தன. கழுத்து முழுதும் இறகு நிறைந்தவை ஒரு வகை. அவற்றை மாப்பிள்ளை என்பார். தோள் முதல் தாடை வரை ஓர் இறகுமின்றிச் சிவந்த தோலாகக் கிடப்பவை மொட்டை. மூன்றாவது வகைக்குக் கழுத்து வெறுமையே எனினும், முன்புறத்தில் மட்டும் ஒரு சிறு குஞ்சம் இறகு இருக்கும். டை கட்டியது போன்ற அத்தோற்றத்தால் அவற்றுக்குத் தொரை என்று பெயர். தோட்டத்து மேலாளரையும் மக்கள் அப்படித்தான் அழைப்பர் என்பதால், “தொரை குப்பைமேட்டுல நிக்கிறாரு” என்று அவர் கூறும்போது புதியவர்கள் திடுக்கிடுவதுண்டு.

“சேர், ஒரு கோழிக்கு ரெண்டு ஓட்டு” என்று எனக்கு விளக்கினார். “ஒன்னு அம்மா குடுத்தது, ஒன்னு அப்பா குடுத்தது. ரெண்டும் மொட்டை ஓட்டுன்னா மொட்டை. ரெண்டும் எறகு ஓட்டுன்னா மாப்பிள்ளை. ஒன்னு அது, ஒன்னு இதுன்னா தொரை. குஞ்சுக்கு ரெண்டுல ஒன்னைத்தான் குடுக்கும். எதைக் குடுக்கும்னு அதுக்கே தெரியாது.” பிறகு சற்று நிறுத்தி, “பிரஜாவுரிமை இல்லாம நம்மாளுங்க ஒரு ஓட்டு வாங்க எத்தனை வருசம் நாயா அலைஞ்சாங்க. இதுகளைப் பாருங்க, முட்டையை விட்டு வரும்போதே கையில ரெண்டு” என்றார்.

அவர் ஓட்டு என்பதைப் பாடநூல்கள் எதிருரு என்று வழங்கும் என நான் திருத்தினேன். எதிருரு என்றால் எதிர்க்கட்சியா என்று கேட்டார். அதன்பின் திருத்தவில்லை.

முதலாண்டில் அவர் எண்ணியவை ஐம்பது கோழிகள். ஆகவே நூறு ஓட்டு. மொட்டை இரண்டு, தொரை பதினாறு, மாப்பிள்ளை முப்பத்திரண்டு. மொட்டைகளின் நான்கு ஓட்டையும் தொரைகளின் பதினாறு ஓட்டையும் கூட்டி, மொட்டைக் கட்சிக்கு நூற்றுக்கு இருபது என்று அறிவித்தார். ஐந்தாம் ஆண்டில் அதே ஐம்பதில் மொட்டை பன்னிரண்டு, தொரை இருபத்தாறு, மாப்பிள்ளை பன்னிரண்டு. நூற்றுக்கு ஐம்பது. அவர் ஒருவருக்கு மட்டுமே அது செய்தியாக இருந்தது. மற்றவர்களுக்கு அச்செய்தி ஆடி நெருங்கியபோதுதான் எட்டியது; ஏனெனில் ஆடியில் முனியாண்டிக்குப் பூசை.

மலைச்சரிவின் அடியில், கருப்பந்தேயிலை என்று தோட்டத்தார் சொல்லும் பெரிய யூக்கலிப்டஸ் மரக் காட்டோரம் முனியாண்டி கல்லாக நிற்கிறார். குடும்பத்துக்கொரு சேவல் நேர்ந்து விடுவது வழக்கம். சேவல் செவலையாக, கழுத்து நிறைந்து, பார்த்தால் கண் பட்டுவிடும் அழகோடு இருத்தல் வேண்டும். மொட்டையும் தொரையும் சாமிக்கு ஆகா. அவ்வாண்டு பூசைக்கு ஒரு மாதம் இருக்கையில் இரண்டு லயங்களையும் சல்லடை போட்டும் அகப்பட்ட மாப்பிள்ளைச் சேவல் ஒன்றே. அதற்கும் ஒற்றைக் கண்.

சபைத் தலைவர் ஓய்வுபெற்ற கங்காணி. எந்த இழப்புக்கும் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிக்காமல் உறங்காதவர். அவர் சபையைக் கூட்டி, நம் குலக்கோழியைக் கெடுத்தது மேல் லயத்துக் கடைசிக் காம்பராவின் மொட்டைச் சேவலே என்று தீர்ப்பளித்தார்.

அந்தச் சேவலைப் பற்றிக் கூறவேண்டும். தாய் கைவிட்ட முட்டையொன்றை இவ்வம்மையார் பழைய கம்பளித் தொப்பிக்குள் வைத்து அடுப்படிச் சூட்டிலேயே பொரிக்கச் செய்து வளர்த்தது. மேற்பார்வை செய்யும் கண்டாக்கையாவைப் போல் மார்பை முன்தள்ளி நடந்ததால் கண்டாக்கு என்று பெயர் பெற்றது. அவர் பீலியில் தண்ணீர் பிடிக்கச் சென்றால் பின்னாலேயே போகும். மூடுபனி இறங்கினால் அவர் தோளில் ஏறி, தன் வெறுந்தோற் கழுத்தை அவருடைய சால்வைக்குள் நுழைத்துக்கொள்ளும். கூட்டத்துக்கும் அவ்வண்ணமே வந்திருந்தது. தன்னைப் பற்றிய வழக்கு என்று அறியாமல் சால்வைக்குள் உறங்கியது.

அம்மையார் தம் குறிப்பேட்டைத் திறந்தார். கண்டாக்கு பிறந்து மூன்று ஆண்டே ஆயிற்று, மொட்டை ஓட்டோ ஐந்து ஆண்டாக ஏறுகிறது என்றார். தலைவர், குளிருக்கு மொட்டைதானே முதலில் சாகவேண்டும், சாகாமல் பெருகுவதே செய்வினைக்குச் சான்று என்றார்.

“குளிருக்குச் செத்தது போன வருசம் ரெண்டு மொட்டைங்க. ஆடியில முனியாண்டி சாப்பிட்டது பதினெட்டு மாப்பிள்ளை. குளிரைவிடச் சாமிக்குப் பசி அதிகம்.”

“சாமி மேலயே பழி போடுறீங்களா?”

“பழி இல்லைங்க தலைவரே, கணக்கு. அழகா இருக்கிறதை எல்லாம் முட்டைக்கு வழி பண்றதுக்கு முன்னயே வெட்டிப்புடுறோம். அசிங்கமா இருக்கிறது வீட்டுல நின்னு குடும்பம் நடத்துது. மிஞ்சினதுதானே அடுத்த வருசத்துக் கோழி?”

இதற்குப் பெயர் இயற்கைத் தேர்வு என்று நான் இடையில் கூறிவிட்டேன். கற்றது நாவில் நிற்பதில்லை. அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “இயற்கைன்னா யாரு சேர்? கத்தி பூசாரி கையில இல்ல இருக்கு?” பூசாரி கத்தி வைக்கும் பையைக் காலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினார்.

கணக்கு கேட்கப்பட்டது, தீர்மானம் மாறவில்லை. மொட்டையும் தொரையும் எதிர்வரும் வெள்ளிக்கிழமைக்குள் லயங்களை விட்டு ஒழிக்கப்படவேண்டும், முதலில் கண்டாக்கு. அம்மையார் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து போனார். அவர் நூற்றுக்கு எத்தனை என்று கேட்காமல் ஓரிடத்தை விட்டு எழுந்ததை அன்றுதான் கண்டேன்.

அறிவித்தல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மொட்டை என்னும் சொல்லைக் கோவிற் சுவரில் எழுத என் கை கூசியது. நேர்த்திக்குத் தலைமுடி இறக்கியவர்கள் மனம் நோவார்கள் என்ற தயக்கமும் இருந்தது. நெடுநேரம் எண்ணித் தூய சொல்லொன்றைத் தெரிந்தெடுத்தேன். பின்வருமாறு எழுதினேன்:

“வெறுங்கழுத்துடைய யாவும் எதிர்வரும் வெள்ளிக்கிழமைக்கு முன்னர் லயங்களினின்றும் அகற்றப்படல் வேண்டும். கழுத்து நிறைந்தவை மட்டுமே பூசைக்கு ஏற்புடையன.”

கோழி என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். ‘யாவும்’ என்பது அஃறிணைப் பன்மை. ‘யாவரும்’ என்று நான் எழுதவில்லை. இலக்கணம் அறிந்தார்க்கு ஐயம் எழ வழியில்லை என்று நிறைவோடு உறங்கினேன்.

அத்தோட்டத்தில் இலக்கணம் அறிந்தவன் நான் ஒருவனே என்பது விடிந்தபின் விளங்கிற்று. வெறுங்கழுத்து என்றால் தமிழில் தாலியில்லாத கழுத்து. மலையிலும் அதுவே, கடற்கரையிலும் அதுவே. கொழுந்தெடுக்கப் புறப்பட்ட பெண்கள் அதைப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். எவரோ கைப்பேசியில் படமெடுத்துக் கொழும்பில் வேலை செய்யும் தம் மகனுக்கு அனுப்ப, அரைமணி நேரத்தில் அது கைம்பெண்களை வெளியேற்றும் தோட்டக் கோவில் என்ற தலைப்போடு திரும்பி வந்தது. ஒன்பது மணிக்குக் கிராம சேவகர் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கி, யாரை வெளியேற்றுகிறீர்கள் என்று சிங்களத்தில் விசாரித்தார். தலைவர் தமக்குத் தெரிந்த சிங்களத்தில் கோழி என்றார். கிராம சேவகர், பெண்களைக் கோழி என்பது இன்னும் மோசம் என்றார்.

நான் சென்றபோது பெரட்டுக்களத்தில் ஒரு கூடையும் தோளேறவில்லை. இலக்கணத்தை எடுத்துரைத்தேன், யாவும் என்பது மனிதரைக் குறியாது என்றேன். கீழேயுள்ள பணிய லயத்துப் பெண் ஒருவர், கணவனை இழந்தவர், அமைதியாகப் பதில் சொன்னார். “அதுதான் சேர் பெரிய குத்தம். போகச் சொன்னதுகூடப் பரவாயில்லை. எங்களை ஆடு மாட்டுல சேர்த்து எழுதியிருக்கீங்க.”

கூட்டம் விலகிற்று. அம்மையார் வந்தார். சுவரிலிருந்து கிழித்தெடுத்த என் அறிவித்தல் அவர் கையில் இருந்தது. அதன் பின்புறத்தில் பென்சிலால் கோடு கோடாகக் கிழித்துக் கணக்கெழுதியிருந்தார்.

“ரெண்டு லயத்துலயும் அறுபது பொம்பளைங்க. கட்டாதது, அறுத்தது, புருசன் விட்டுட்டுப் போனது, கயிறு அறுந்து இன்னும் மாத்தாதது, என்னையும் சேர்த்து வெறுங்கழுத்து இருபத்தி நாலு. நூத்துக்கு நாப்பது. தலைவரே, வெள்ளிக்கிழமை நாங்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

“அது கோழிக்கு எழுதினதுங்க, உங்களுக்குத் தெரியாதா?”

“எழுத்துல கோழி எங்க இருக்கு, காட்டுங்க.”

அவருக்குத் தெரியாதென்று நான் ஒரு கணமும் நம்பவில்லை. தோட்டத்திலேயே அந்த அறிவித்தலின் பொருளைச் சரியாக அறிந்தவர் அவர்தாம். வெட்டப்படவிருந்தது அவருடைய கண்டாக்கு. தலைவர் என்னைப் பார்த்தார். நான் அறிவித்தலைப் பார்த்தேன். இரண்டு வரிகளில் எங்கும் ஒரு கோழி இல்லை.

அறிவித்தல் மீளப் பெறப்பட்டது. அதைத் திருத்தி வெளியிடலாமே என்று ஒரு குரல் எழுந்ததும் கழுத்து என்னும் சொல்லை இனி எவரும் எழுதக்கூடாது என்று தலைவர் கையுயர்த்தித் தடுத்துவிட்டார். ஆயினும் ஆடி நிற்கவில்லை; சாமிக்கு ஆறு சேவலாவது வேண்டும். அப்போது அம்மையார் ஒரு வழி கூறினார். கண்ணுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து வெட்டினால் பிடிக்காததுதான் மிஞ்சும். ஆகவே தேர்ந்தெடுக்கவே வேண்டாம். எல்லாச் சேவலுக்கும் பேரெழுதிச் சீட்டைக் குடத்தில் போடுங்கள், பூசாரி கண்ணைக் கட்டிக்கொண்டு ஆறு எடுக்கட்டும் என்றார். மொட்டை சாமிக்கு ஆகாதே என்று பூசாரி இழுத்தார்.

“மனுசன் மொட்டை போட்டா நேர்த்தி. கோழி மொட்டையாவே பொறந்தா குத்தமா? சாமிக்கு எது வேணும்னு சாமியே எடுக்கட்டும்ங்க.”

சாமியின் விருப்பம் என்றதும் சபை உடன்பட்டது. சேவல்களை எண்ணிப் பெயரெழுதும் பணியை அவரிடமே ஒப்படைத்தார்கள். வேறு யாரிடம் ஒப்படைப்பது?

பூசையன்று சீட்டுகளைச் சரிபார்ப்பது செயலாளரின் கடமை. அவருடைய பெரட்டுக் குறிப்பேட்டில் சேவல் பதினாறு. மடித்த சீட்டுகளைப் பித்தளைக் குடத்தில் ஒவ்வொன்றாக இட்டேன், பதினைந்து. மீண்டும் வெளியே எடுத்து எண்ணினேன்; பதினைந்து. அவர் எனக்கெதிரே நின்றிருந்தார். சால்வைக்குள் ஏதோ அசைந்தது. ஒரு செடிக்காக மூன்று நாள் குறிப்பேட்டை இடுப்பில் முடிந்திருந்தவர், கண்ணில் பட்டது கணக்கில் ஏறவேண்டும் என்றவர், என் கண்ணைப் பாராமல் குடத்தைப் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்:

“ஒன்னு குறையுதுங்க சேர். தெரியும்.”

நான் சபைக் குறிப்பில், சேவல்கள் யாவும் திருவுளச்சீட்டுக்கு உட்படுத்தப்பட்டன என்று எழுதிக் கையொப்பமிட்டேன். யாவும் என்ற சொல்லை அவ்வாண்டில் இரண்டாம் முறையாகப் பிழையாக வழங்கினேன். இம்முறை அறிந்தே வழங்கினேன்.

அடுத்த ஆடியிலும் ஒன்று குறைந்தது. மூன்றாம் ஆடியில் நான் எண்ணவே இல்லை. இதற்கிடையில் ஊர் வேறொன்றை எண்ணத் தொடங்கியிருந்தது. மூன்று பூசை, பதினெட்டுச் சீட்டு. ஒருமுறைகூடக் கண்டாக்குக்கு விழவில்லை. இது தற்செயலா? முனியாண்டி தமக்கென்று காவலுக்கு வைத்திருக்கிறார் என்று முதலில் சொன்னவர் தலைவர்தாம். பிறகு பெண்கள் அதன் முன் அரிசி தூவினார்கள். அதன் குஞ்சென்றால் கேட்டு வாங்கி வளர்த்தார்கள். அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு மொட்டை ஓட்டு நூற்றுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. மாப்பிள்ளைகளைக் காண இரண்டு லயங்களையும் சுற்றிவரவேண்டியிருந்தது. சாமிக்கு மொட்டைதான் பிடிக்கும், நமக்குத்தான் முதலில் புரியவில்லை என்று பூசாரியே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காம் ஆடியில் பூசை முடிந்த மாலை, மழை தூறிக்கொண்டிருந்தது. தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்டாக்கின் முன் குனிந்தார். சாமி பாதத்தில் வைத்தெடுத்த மஞ்சட் கயிற்றை அதன் சிவந்த கழுத்தில் மூன்று முடிச்சிட்டுக் கட்டினார். சேவல் அசையாமல் நின்றது. சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள்.

அம்மையார் என் பக்கம் சாய்ந்தார். சிரித்தாரா என்று மழையில் தெரியவில்லை.

“பாத்தீங்களா சேர். இந்த லயத்துல கடைசில ஒரு வெறுங்கழுத்துக்குக் கயிறு ஏறிருச்சு.”

நூற்றுக்கு எத்தனை என்று கேட்க என் நா எழுந்தது. சீட்டுக்குடம் என் கையில் இருந்தது. துணியை எடுத்து அதன் வாயை இறுகக் கட்டினேன்.